கடுகுக் கழகத்தின் ஏகமனதான வெற்றி

உலகிலேயே பிழையில்லாத இயங்குதளம் ஒன்றே ஒன்றுதான். அதை உருவாக்கிக்கொண்டிருப்பவர்கள் டிரெஸ்டன் நகரத்தினராகிய நாங்கள். எழுதி முடிக்காத நிரலில் எவனால் பிழை கண்டுபிடிக்க முடியும்?

அதன் பெயர் ஸென்ஃப்கோர்ன். எங்கள் மொழியில் கடுகு என்று பொருள். பெயருக்கேற்றபடி, கணினியை ஆளும் கரு எங்களுடையதில் கடுகளவுதான். விசைப்பலகை, வட்டு, வலைத்தொடர்பு எல்லாம் கருவுக்கு வெளியே தனிக்குடித்தனம். ஊரெல்லாம் ஓடுகிறதே அந்தப் 'பெரிய' இயங்குதளம், அதில் எல்லாமே கருவுக்குள் அடைந்து கிடக்கும், சந்தைக்கடை மாதிரி. அதைப் பயன்படுத்துகிறவர்களை நினைத்தால் எங்களுக்குப் பாவமாக இருக்கும். எங்கள் நிரல் எல்லோருக்கும் இலவசம். யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம். இதற்கென முறைப்படி பதிவு செய்த கழகத்துக்கு அடியேன் ஹார்ட்முட் தலைவன்.

'கடுகு ஏன் வேகம் இழந்தது?' என்று ஒரு கணினி இதழ் கேட்டிருக்கிறது. அபாண்டம்! நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்பளியுங்கள்.

வீப்கே என்ற பெண் எங்களிடம் வந்து சேர்ந்தாள். நாங்களெல்லாம் கருவின் 'தூய்மை' பற்றி மடல் எழுதிக்கொண்டிருக்க, அவள் தன் விடுமுறை நாட்களையெல்லாம் கொட்டி, வைஃபை கருவியைக் கணினியோடு பேசவைக்கும் ஒரு நிரலை, அதாவது ஓர் இயக்கியை, எழுதிவிட்டாள். கடுகு முதன்முறையாக வெளியுலகத்தோடு பேசியது! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உடனே பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருளாகச் சேர்த்தேன்.

பொதுக்குழு கூடியது. காபி, எங்கள் ஊர் ஐயர்ஷெக்கே கேக், நிறைந்த சபை.

"இது ஓடுதா?" என்று எக்கார்ட் கேட்டார். எங்கள் கட்டமைப்பு மேதை அவர்தான். கருவை ஏற்கெனவே இரண்டு முறை அடியோடு மாற்றியவர்.

"ஓடுதே! இதோ, வானிலை பாத்துட்டிருக்கேன். நாளைக்கு மழையாம்," என்றாள் வீப்கே.

"ஓடுறது கிடக்கட்டும்மா. அழகா ஓடுதா?"

"எக்கார்ட், இத மட்டும் சேத்துக்கிட்டா வசந்தத்துல வெளியிட்டுடலாம். நாம எழுதினத நாலு பேர் பயன்படுத்தணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் வழக்கப்படி எல்லோரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டிப் பாராட்டினோம். வீப்கேயின் முகம் சிவந்துபோயிற்று. கேக்கில் பெரிய துண்டை அவளுக்கே வைத்தேன்.

அடுத்து ஐந்தாவது பொருள். எக்கார்ட் எழுந்தார்.

"நம்ம கருவுல இன்னும் கொஞ்சம் கொழுப்பு இருக்கு. புதுசா ஒண்ணு யோசிச்சிருக்கேன். இதுல பாதிதான் இருக்கும்."

வாய்க்குப் போன கேக் பாதி வழியில் நின்றது. "எழுதிட்டீங்களா?" என்றாள் வீப்கே.

"யோசிச்சிருக்கேன்."

"கருவ மாத்தினா என் இயக்கி ஓடாதே!"

"திரும்ப எழுதிட்டாப் போச்சு. உனக்குத்தான் இப்ப நல்லாப் பழகிடுச்சே."

"அட, இப்பத்தானே கைதூக்கி ஏத்துக்கிட்டீங்க! ஹார்ட்முட், நீங்களாவது சொல்லுங்களேன்!"

தலைவன் நடுநிலை தவறலாமா? "நாலாவது பொருள் முடிஞ்சுபோச்சு வீப்கே," என்றேன். "திரும்ப எடுக்க விதியில இடமில்ல."

ஐந்தாவது பொருளும் நிறைவேறியது. ஒரே ஓர் எதிர்வாக்கு. மறுபடி மேஜையைத் தட்டினோம். வீப்கே தட்டவில்லை. "நல்லாத் தட்டுங்க, நல்லா இருங்க!" என்று மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆக, அவள் கேட்டதை ஒரு குறையும் வைக்காமல் கொடுத்தோம். அது எதன் மேல் ஓட வேண்டுமோ அதை மட்டும்தான் எடுத்தோம். இதில் வேகம் எங்கே குறைந்தது? முன்பெல்லாம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை கருவை மாற்றினோம். இப்போது மூன்றே ஆண்டில் மாற்றுகிறோம்!

வீப்கே அந்த இயக்கியைத் திருத்தி எழுதி, 'பெரிய' இயங்குதளத்துக்காரர்களிடம் கொடுத்துவிட்டாளாம். பொதுக்குழுவும் கூட்டாமல், கேக்கும் வெட்டாமல், அப்படியே சேர்த்துக்கொண்டார்களாம். முறை தெரியாத கூட்டம்.

நேற்று புதிய கருவைப் பற்றி எக்கார்ட்டுக்கு நீண்ட மடல் ஒன்று எழுதினேன். வழக்கமாக அனுப்பும்போது என் மடிக்கணினியில் வைஃபை அறுந்துவிடும். நேற்று ஒரே அழுத்தில் போய்ச் சேர்ந்தது. அடுத்த நிமிடமே பதில்:

"உங்களுக்கும் சரியாயிடுச்சா? வீப்கே கெட்டிக்காரிதான்!"

எந்த இயங்குதளத்தில் என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.