தலைவருக்கு இனிப்பு நீர் இல்லை

மலேசியாவில் சர்க்கரை நோய்க்கு இனிப்பு நீர் என்று பெயர். கிள்ளான் வட்டார இனிப்பு நீர்க்காரர் நல்வாழ்வுச் சங்கத்தின் தலைவர் இராமலிங்கம், ஆண்டுக் கூட்ட மேடையில் தூங்கிப்போனார். மேடையில் தூங்குவது சங்க மரபுக்கு விரோதமானதல்ல. ஆனால் அவர் தூங்கியது தன்னுடைய உரையின் நடுவில். "ஆகவே அன்பர்களே" என்றவர், மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில்தான் விழித்தார்.

மனைவி லோகேஸ்வரி மட்டும் கைதட்டவில்லை. மறுநாளே பிரிக்பீல்ட்ஸுக்கு, டாக்டர் விஷ்ணுப்ரியாவிடம் இழுத்துப்போனார்.

டாக்டர் கழுத்தைத் தடவினார், ரத்தம் எடுத்தார், தைராய்டு குறைவு என்றார். காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு சின்ன மாத்திரை. அது வேலை செய்தது. குளிர் விட்டது, தூக்கம் விட்டது, தொப்பைகூடக் கொஞ்சம் இறங்கியது. சில மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி சோதித்த டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நல்ல செய்தி அங்கிள். உங்களுக்கு இனிப்பு நீர் இல்ல."

இராமலிங்கத்தின் முகம் வெளுத்தது.

"நல்லாப் பாருங்க டாக்டர். வேற யாரோட ரிப்போர்ட்டாவது இருக்கப் போவுது."

"உங்களோடதுதான். மூனு மாசச் சர்க்கரை, வெறும் வயிறு, குளுக்கோஸ் தண்ணி குடிச்சு எடுத்தது, எல்லாமே நார்மல்."

"அப்ப பல வருசத்துக்கு முன்ன எடுத்த டெஸ்டுல ஏறியிருந்துச்சே?"

"மூனு மாச டெஸ்ட் ரத்த அணுவுல ஒட்டியிருக்கிற சர்க்கரையைத்தான் பாக்குது. தைராய்டு குறைஞ்சா பழைய அணு சீக்கிரம் போகாது, புது அணு சீக்கிரம் வராது. இருக்கிறது எல்லாம் ரொம்ப நாள் சுத்தி, சர்க்கரையை ஒட்டிக்கிட்டே இருக்கும். எண் மட்டும் ஏறிக் காட்டும். அதுக்கப்புறம் நீங்க டெஸ்டே எடுக்கலையா?"

"தேவைப்படல."

பழையது போகாமல், புதியது வராமல், எல்லாம் ஒட்டிக்கொண்டே இருக்கும் நிலைமை அவருக்கு உடனே புரிந்தது. அவருடைய செயலவையே அப்படித்தான் நடந்துவந்தது. புரியாதது ஒன்றுதான்: இனி நாற்காலி என்னாவது? 'தலைவர் பதவி வகிப்பவர் மெய்யான இனிப்பு நீர்க்காரராக இருத்தல் வேண்டும்' என்பது சங்க விதி. ஒருமுறை ஆரோக்கியமான ஒருவர் போட்டிக்கு வந்தபோது, அவரை விரட்ட அந்த விதியைக் கொண்டுவந்தவரும் இராமலிங்கம்தான்.

"இந்த மாத்திரையை நிறுத்தினா பழையபடி ஏறுமா டாக்டர்?"

"ஏறலாம். நீங்களும் பழையபடி மேடையில தூங்குவீங்க."

"அது பரவாயில்ல. அன்னைக்குக் கைதட்டல் நல்லா இருந்துச்சு."

"நிறுத்தினா இதயம் கெடும், கொழுப்பு ஏறும். விளையாடாதீங்க அங்கிள்."

விஷயத்தை மூடிவைக்கலாம் என்று காரில் ஏறும்போது முடிவு செய்தார். வீடு வந்து சேர்வதற்குள், கூடவே வந்திருந்த லோகேஸ்வரி பால்கோவாவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். மாலைக்குள் தெரு முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. துணைத்தலைவர் தம்புசாமி வீட்டுக்கு இரண்டு டப்பா.

தம்புசாமி இன்சுலின் ஊசிக்காரர். "ரெண்டு வேளை ஊசி போடறவன் கீழ, வெறும் பாகற்காய் தின்னு சமாளிக்கிறவன் மேலயா?" என்பது அவருடைய நெடுநாள் ஆதங்கம். அவசரக் கூட்டம் கூட்டினார். சாட்சிக்கு டாக்டரையே வரவழைத்தார்.

"இத்தனை வருசம் நோயாளி வேசம் போட்டு நம்மள ஏமாத்தியிருக்காரு" என்றார் தம்புசாமி. கூட்டம் கொதித்தது. தலைவர் சர்க்கரையில்லாத காபி குடித்ததை நேரில் பார்த்தவர்கள்கூட, எல்லாம் நடிப்பு என்றார்கள்.

டாக்டர் எழுந்தார். "அவரு நோயாளி இல்லைன்னு யார் சொன்னா? தைராய்டு இருக்கே. அதுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை போடணும்."

தலையைக் குனிந்திருந்த இராமலிங்கம் நிமிர்ந்தார்.

"ஆயுள் முழுக்கவா?"

"ஆமா அங்கிள்."

"நடுவுல சரியாயிடாதே?"

"உங்க விஷயத்துல, பெரும்பாலும் ஆகாது."

பல நாளுக்குப் பிறகு அவர் சிரித்தார். தலைவருக்கென்று மரபுப்படி போட்டிருந்த மாலையைக் கழற்றித் தம்புசாமிக்குப் போட்டார். அதே மைக்கில், அதே மூச்சில், கிள்ளான் வட்டாரத் தைராய்டு அன்பர் கழகம் தொடங்கப்படுவதாக அறிவித்தார். நோய் உள்ளவரை பதவி உண்டு என்பது முதல் விதி. செயலாளர், பொருளாளர் உள்ளிட்ட அனைத்துப் பதவிகளும் காலி.

டாக்டர் விடாமல் பேசினார். "சர்க்கரையும் தைராய்டும் பல பேருக்குச் சேர்ந்தே வரும். தைராய்டு கெட்டா சர்க்கரையும் தடுமாறும். அசதி, எடைன்னு ஏதாவது இருந்தா வந்து ஒரு டெஸ்ட் எடுங்க."

வழக்கமாக இப்படி மருத்துவப் பேச்சைக் கேட்டால் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்துவிடும் கூட்டம், அன்று கடைசிவரை கேட்டது.

மறுநாள் காலை கிளினிக் வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. எல்லாருக்கும் அசதி. கழுத்தில் தலைவர் மாலையோடு தம்புசாமியும் நின்றார்.

"நீங்கதான் தலைவராயிட்டீங்களே அண்ணே" என்றார் தாதி.

"அங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா தேர்தல்மா. இங்க ஆயுள் முழுக்க லா."

சில நாளில் முடிவுகள் வரத் தொடங்கின. குறைவு என்று தெரிந்தவர்கள் கைகுலுக்கிக்கொண்டு போனார்கள். நார்மல் என்று வந்தவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வேறு நல்ல லேப் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்கள்.

இராமலிங்கம் நன்றி சொல்ல உள்ளே வந்தார். "எல்லாப் பதவியும் முடிஞ்சிருச்சு டாக்டர். மகளிர் பிரிவுத் தலைவி மட்டும் பாக்கி. உங்களுக்கே குடுத்திருப்பேன். ஆனா நீங்க ஆரோக்கியமானவங்க."

 டாக்டர் விஷ்ணுப்ரியாவின் கை மெல்லத் தன் கழுத்துக்குப் போனது.

"நான் இன்னும் டெஸ்ட் எடுக்கலையே, அங்கிள்."