குகாசுரன் விழ மறுத்த பிற்பகல்

மனித குலம் சமத்துவத்தை அடைந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மலாக்கா காஜா பெராங்கில், அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகைக்குள். இந்தச் செய்தி லண்டனுக்கு இன்னும் போய்ச் சேராதது லண்டனின் துரதிருஷ்டம்.

அதை அடைவித்தவர் ஜவுளிக்கடை ஷம்சுதீன். காஜா பெராங் சீர்திருத்த நாடக சபையின் காரியதரிசி, நாடக ஆசிரியர், டைரக்டர், கதாநாயகன் ஆகிய நான்கு பொறுப்புகளையும் ஊர் நன்மைக்காக அவரே சுமந்தார். சபையின் விதிகளை எழுதியவரும் அவர்தான். கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில், அதாவது கடை திறந்திருந்த நேரம் முழுவதும், கைலிக் கட்டுகளின் மேல் சாய்ந்தபடி அவர் எழுதி முடித்த நாடகத்தின் பெயர் 'ஐவர் வெற்றி அல்லது குகாசுர வதம்'.

கதை எளியது. ஓர் இளவரசன், ஒரு வில்லாளி, ஒரு மந்திரவாதி, இரட்டையரான இரு வீரர்கள் ஆகிய ஐவரும் பூமிக்கடியில் இருக்கும் பாதாளச் சிறைக்குள் இறங்குகிறார்கள். ஏழைகளை அங்கே அடைத்துவைத்திருக்கும் குகாசுரன் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்து அவர்கள்மேல் பாய்கிறான். மூன்றாவது வாள்வெட்டில் விழுந்து சாகிறான். பிறகு இளவரசன், 'மானிடர் யாவரும் சமம்' என்று நான்கு பக்கம் பேசுகிறான். அதற்கு முந்திய காட்சிகள் எல்லாம் இந்தப் பேச்சுக்குப் போகிற பாதைதான்.

இளவரசன் யார் என்பதில் போட்டி இருக்கவில்லை. வில்லாளி, மளிகைக்கடை நாகூர் மீரான். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தம் வில்லே தெரியாது. மந்திரவாதி, செட்டி கம்போங் பாலன். ஓர் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அந்தக் கம்போங்கின் செட்டிமார் வீட்டில் பேசுவது ஒரு வகை மலாய் என்பதால், தமிழ் மந்திரங்களை ஆங்கில எழுத்தில் சட்டைக் கையில் எழுதிவைத்திருந்தார். இரட்டையர் வேடத்துக்கு நாகூர் மீரானின் மைத்துனர்கள் இருவர். ஒருவர் மற்றவரைவிட ஒரு முழம் உயரம். பாதாளம் இருட்டாகத்தானே இருக்கும் என்று கமிட்டி சமாதானம் அடைந்தது.

குகாசுரன் வேடத்துக்குக் கொப்பரைக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் பொன்னையாவை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஷம்சுதீனை 'அவர்' என்றும் பொன்னையாவை 'அவன்' என்றும் எழுதுவதற்கு வாசகர்கள் மன்னிக்கவேண்டும். சபையின் நடவடிக்கைப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இலக்கணத்துக்குச் சமத்துவம் அடுத்த நாடகத்தில் வரும்.

பொன்னையா சபையில் சேரவும் விண்ணப்பித்திருந்தான். விதிப்படி விண்ணப்பத்தில் கையெழுத்து இருக்கவேண்டும். அவன் கட்டைவிரல் ரேகை வைத்திருந்தான். ரேகை ஒரு கையெழுத்தாகுமா என்ற நுட்பமான கேள்வி ஏழு மாதமாகக் கமிட்டியின் 'பரிசீலனை'யில் இருந்தது. அவன் மனைவி சிவகாமி மட்டும் எதையும் பரிசீலிக்காமல், கொப்பரைச் சாக்குகளைப் பிரித்து, மூன்று வாரம் உட்கார்ந்து அரக்கனுக்கு உடம்பு தைத்துக்கொடுத்தாள். பிரம்பில் தலையும் முடைந்து, அதன் வாயைப் பொன்னையா பார்த்து நடக்கும்படி அகலமாக விட்டிருந்தாள்.

சிறப்பு விருந்தினர் ஒரு கித்தா எஸ்டேட்டின், அதாவது ரப்பர்த் தோட்டத்தின், துரை. ஆறு மணிக்கு அவர் கிளப்பில் இருக்கவேண்டும் என்பதால் நாடகத்தைப் பிற்பகலில் வைத்தார்கள். வெளிச்சம் வராதபடி கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாயும் சாக்கும் கட்டியதில், பாதாளச் சிறை உண்மையிலேயே பாதாளச் சிறையாகிவிட்டது. காற்றும் வரவில்லை.

மூன்று காட்சிகள் சிறப்பாக நடந்தன. அதாவது, துரை விழித்திருந்தார். நான்காம் காட்சியில் ஐவரும் பாதாளத்துக்குள் இறங்கினார்கள். ஷம்சுதீன் ஜிகினா வாளை உருவி, இங்கே பேராபத்து நாற்றமடிக்கிறது என்று முழங்கினார். அடித்தது கொப்பரை நாற்றம்.

பாறைக்குப் பின்னாலிருந்து குகாசுரன் பாய்ந்தான். ஒத்திகையில் அவன் போட்ட சத்தம் வேறு, இது வேறு. அடிவயிற்றிலிருந்து வந்த அந்த உறுமலைக் கேட்டதும் இரட்டை வீரர்கள் இரட்டையருக்கே உரிய ஒற்றுமையோடு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். பாலன் சட்டைக் கையைப் பார்த்தார். வியர்வையில் மந்திரம் கரைந்து போயிருந்தது. "ஜாங்ஙான், ஜாங்ஙான்" என்றார். மலாயில் 'வேண்டாம்' என்று பொருள். சபையோர் அதை உயர்ந்த மந்திரம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

ஷம்சுதீன் வெட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. குகாசுரன் விழவில்லை. நான்காவது வெட்டில் வாள் முறிந்தது. அரக்கன் இளவரசரின் இடுப்பைப் பிடித்து, ஒரு மூட்டையைத் தூக்குகிற சுலபத்தோடு தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினான்.

பிரம்புத் தலைக்குள்ளிருந்து மெதுவான குரல் வந்தது. "செத்துப்போறேன் மொதலாளி. சாவுறதுல எனக்கு ஒண்ணுமில்ல. எம் பொண்டாட்டி வெளிய வெயில்ல நிக்கிறா. அவள உக்கார வச்சீங்கன்னா ஒடனே விழுந்துர்றேன்."

"அடே குகாசுரா, உன்னைக் கூற்றுவனுக்கு விருந்தாக்குவேன்" என்று சபைக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, ஷம்சுதீன் குரலைத் தாழ்த்தினார். "நாடகம் முடியட்டும், பொன்னையா. அப்புறம் உக்கார வைக்கலாம்."

"முடிஞ்சப்புறம் நாற்காலி எதுக்கு மொதலாளி?"

துரை, பூதம் என்ன சொல்கிறது என்று பக்கத்திலிருந்த தம் கிராணியிடம் கேட்டார். நரகத்தில் இடநெருக்கடி பற்றிச் சொல்கிறது என்று கிராணி மொழிபெயர்த்தார். துரை தலையசைத்து ரசித்தார்.

நடந்தது இதுதான். சிவகாமி வந்தபோது, பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவர், நாற்காலிகள் உறுப்பினர் குடும்பத்துக்கு மட்டும் என்று பதினான்காம் விதியைச் சொல்லி, அவளைக் கயிற்றுக்கு அப்பால் சாக்கடை ஓரமாக நிறுத்தியிருந்தார். பாறைக்குப் பின்னால் காத்திருந்த பொன்னையா தார்ப்பாய் இடுக்கு வழியாக அதைப் பார்த்துவிட்டான். உள்ளே முன்வரிசையில் ஆறு நாற்காலிகள் காலியாக இருந்தன. வராத பிரமுகர்களுக்காக அவை மிகுந்த மரியாதையோடு காலியாக இருந்தன.

ஆபத்து நேரத்தில் ஒரு சபை என்ன செய்யவேண்டுமோ அதையே செய்தார்கள். மிஞ்சிய மூன்று வீரர்களும் அரக்கனைச் சுற்றிக் கமிட்டி கூடினார்கள். ஒருவர் அந்தரத்தில் இருந்தாலும் 'கோரம்', அதாவது கூட்டத்துக்கு வேண்டிய ஆள்கணக்கு, இருந்தது.

ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார் பாலன். தலைவர் ஒப்பம் இல்லாமல் விதியைத் தளர்த்த 'தாக் போலே', முடியவே முடியாது, திங்கட்கிழமைக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார். நாகூர் மீரான் கண்ணாடி இல்லாமல் அரக்கன் இருந்த திசையை உத்தேசமாகப் பார்த்து, ஒரு சமரச யோசனை சொன்னார்.

"அவங்க வெளியவே நிக்கட்டும். ஆனா உள்ள உக்காந்திருக்கிறதா நாம பாவிச்சுக்கிறோம்னு ஒரு தீர்மானம் போட்டுடுவோம்."

பாலன் வழிமொழிந்தார். இரண்டு வாக்குகள் ஆதரவு. காரியதரிசி இடுப்பு பிடிபட்ட நிலையில் இருந்ததால் நடுநிலை வகித்ததாகக் கொள்ளப்பட்டது.

உண்மையில் ஷம்சுதீன் நடுநிலை வகிக்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீரர்கள் ஓடிய வழியில் தார்ப்பாய் விலகியிருந்தது. அங்கே வெயிலில் நெற்றிக்குக் கை கொடுத்து நின்ற சிவகாமி இளவரசரைப் பார்க்கவில்லை. குகாசுரனின் இடது தோளில் தையல் பிரிந்திருந்ததை, கையில் ஊசி இல்லையே என்ற தவிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்காம் விதி அவர் கையெழுத்து. 'அவங்கள உள்ள விடுங்க' என்று சொல்ல நான்கு சொற்கள்கூட ஆகாது. பொன்னையா விட்டுக்கொடுக்காமல் கூத்து கலைந்தால் சிரிக்கப்போவது ஊர். ஆனால் மூட்டை தூக்குபவன் கேட்டு, ஒரு காரியதரிசி கொடுத்தார் என்று வந்தால் அதுவும் ஊருக்குத் தெரியும். இந்த இரண்டு அவமானங்களில் எது சிறியது என்று அவர் நிறுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரக்கனின் சாக்குக் கைகளில் வியர்வை ஊறத் தொடங்கியது. அந்த உடம்புக்குள் சூடு எப்படி இருக்கும் என்பதையும் அவர் அப்போதுதான் முதன்முதலாக நினைத்தார். நினைத்துவிட்டு, மறுபடியும் அவமானங்களை நிறுக்கத் தொடங்கினார்.

பெண்கள் பகுதி மேடைக்குப் பக்கத்தில், கீற்றுத் தட்டிக்கு அந்தப்புறம் இருந்தது. தட்டியில் ஓட்டைகள் இருந்தன, காதுகளும் இருந்தன. ஷம்சுதீனின் மனைவி மஜீதா எழுந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போய்க் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். பேட்ஜ் குத்தியவர் விதி என்று ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் விதி அங்கேயே ரத்தானது.

"வாங்கம்மா" என்றாள் சிவகாமியிடம். "எம்பக்கத்துல உக்காருங்க."

சிவகாமி உட்கார்ந்தாள். தட்டி ஓட்டை வழியே அதைப் பார்த்த கணமே குகாசுரன் இளவரசரைப் பத்திரமாகக் கீழே இறக்கிவைத்து, இரண்டு கைகளையும் விரித்து, மேடைப் பலகை அதிர மல்லாந்து விழுந்தான். வாள் படவில்லை, வாளே இல்லை. சொன்ன சொல் தவறாமல் இவ்வளவு ஒழுங்காகச் செத்த அரக்கன் எந்தப் புராணத்திலும் கிடையாது. கொட்டகை இடிந்துவிடும்போலக் கரகோஷம்.

ஷம்சுதீனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் கலைஞன் கலைஞன்தான். கீழே கிடந்த மகுடத்தை எடுத்து வைத்துக்கொண்டார். வெற்றிக்கோலமாக வலது காலைத் தூக்கிக் குகாசுரனின் மார்பில் ஊன்றினார். 'மானிடர் யாவரும் சமம்' என்று தொடங்கி நான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் பேசினார். இடையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துரை எழுந்து, பூதமும் நன்றாக நடித்தது, யார் அது என்று விசாரித்தார். ஒரு நண்பர் என்று கமிட்டி தெரிவித்தது.

திங்கட்கிழமை கூடிய கமிட்டி, துரைக்கும், காரியதரிசிக்கும், தார்ப்பாய் கொடுத்தவருக்கும் நன்றி தெரிவித்தது. ரேகை விஷயம் பரிசீலனையில் தொடரும் என்றும் முடிவாயிற்று. மஜீதா இரண்டு நாளாகப் புருஷனிடம் சோறு போடும் அளவுக்கு மட்டுமே பேசினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஷம்சுதீன் கொப்பரைக் கிட்டங்கிக்குப் போனார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்கான வாசகத்தைத் திருத்தித் திருத்தி அமைத்துக்கொண்டே போனார். பொன்னையா வண்டிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் சுமையை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தான். ஷம்சுதீனின் வாயிலிருந்து வந்தது வேறு.

"மூணாவது வெட்டுல நீ விழுந்திருக்கணும், பொன்னையா."

"ஆமாங்க மொதலாளி. தப்புதான்" என்று பொன்னையா உடனே ஒத்துக்கொண்டான். பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டான். "அப்புறமா ரொம்ப நேரம் பேசுனீங்களே, என்னாங்க அது? எல்லாரும் கை தட்டுனாங்கன்னு சிவகாமி சொன்னா."

ஷம்சுதீன் சுற்றிலும் பார்த்தார். வண்டிக்காரனும் இரண்டு மாடுகளும் தவிர யாரும் இல்லை. நான்கு பக்கத்தை மனப்பாடமாக முழங்கியவர், அதன் முதல் வரிக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மனுசங்க எல்லாரும் சமம்னு" என்றார்.

"அப்படியா" என்றான் பொன்னையா, மூட்டையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டே. "விழுந்ததுல அந்தத் தல காத அடச்சுக்கிச்சு, ஒண்ணும் கேக்கல மொதலாளி. உங்க காலு கனம் மட்டுந்தான் தெரிஞ்சுது."