வாசற்பூதம் மச்சானுக்கு எழுதிக்கொண்டது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை அளவுக்கு மீறிய நலத்துடன் இருக்கிறாள். இந்தக் கடிதமே அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பல் செட் செய்யும் கூடத்தில் பதினெட்டு வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்து, ஊரார் வாய்க்கெல்லாம் பல் வைத்துக்கொண்டிருந்த உங்கள் தங்கையை, வெளியூரில் புதுக் கிளை திறக்கிறோம், நீங்கள்தான் பொறுப்பேற்க வேண்டும், இரண்டு வருடம் என்று முதலாளி கேட்டிருக்கிறார். அவளும் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவாள். அவள் யார் பேச்சைத் தட்டினாலும் உங்கள் பேச்சைத் தட்ட மாட்டாள் என்பது குடும்பத்துக்கே தெரியும். சொல்லி நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் விதை போட்டவன் நான்தான். போன மாதம் நூலகத்து மாடியில் ஒருவர் சொற்பொழிவு ஆற்றினார். மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்பதால் போனேன். உலகத்துப் புராணங்கள், கதைகள் எல்லாமே ஒரே தடத்தில்தான் போகின்றனவாம். வீரனுக்கு ஓர் அழைப்பு வரும், முதலில் அவன் மறுப்பான், ஒரு பெரியவர் வந்து தைரியமும் ஆயுதமும் தருவார், பிறகு வாசலைத் தாண்டுவான், அடிபடுவான், வரத்தோடு வீடு திரும்புவான். பன்னிரண்டு கட்டம் போட்ட தாள் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையை இதில் நிரப்பிப் பாருங்கள் என்றார். நான் வீட்டுக்கு வந்து பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். வாரப் பத்தி எழுதிப் பிழைக்கிறவன், என் வாழ்க்கையில் பன்னிரண்டு கட்டத்துக்குச் சரக்கு இல்லாமலா போகும் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் நான் எழுதியது: பிறந்தேன். குழாய் மாற்றினேன். அந்தக் குழாய் இன்னமும் ஒழுகுகிறது.

கல்லூரியில் படிக்கும் என் மகள், அதான் உங்கள் மருமகள், தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "இது உங்களுக்குப் பொருந்தாதுப்பா, அம்மாவுக்குத்தான் பொருந்தும்" என்று, நான் எழுதியதை அடித்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். அந்த வாரம்தான் முதலாளியின் அழைப்பு வந்திருந்தது. முதல் கட்டத்தில் ஒரு டிக். "எனக்கு எதுக்குங்க இதெல்லாம், இந்த மேசையே போதும்" என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டு வந்தாள். இரண்டாவது கட்டத்தில் டிக். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஆனால் நாலாம் நாள் அவளுடைய பழைய மேற்பார்வையாளர் வீடு தேடி வந்து, ஓய்வு பெறும்வரை பல் செட்டுக்குத் தான் மெழுகு செதுக்கிய கத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மகள் டிக் போட்டபோது பேனா கிழித்த சத்தம் என் காதில் விழுந்தது.

அதன் பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. முட்டி வலி என்று நொண்டினேன். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "இந்த முட்டியை வச்சுக்கிட்டு நீங்க மலையே ஏறலாம்" என்றார். "அப்ப நான் கவலையில்லாம போகலாம்" என்றாள் உங்கள் தங்கை. பெரிய பெட்டி இருந்தால்தானே போவாள் என்று அதைப் பரணில் இன்னும் உள்ளே தள்ளிவைக்க ஏறினேன். முக்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பெட்டி என் மேல். சத்தம் கேட்டு ஓடி வந்தவள், "நல்லவேளை, நானே ஏறி எடுக்கணும்னு இருந்தேன்" என்று பெட்டியைத் துடைக்கப் போய்விட்டாள். என்னை மகள்தான் துடைத்தாள். கடைசியாகக் கீழ்வீட்டுத் தையல்காரரைப் பிடித்து, அந்த ஊரில் தண்ணீரே கிடையாது என்று வந்து சொல்லும்படி கெஞ்சினேன். அவரும் வந்தார், உட்கார்ந்தார், காபி குடித்தார். "தண்ணி கஷ்டம்தான்மா. ஆனா எங்க சித்தி பொண்ணு அங்கதான் இருக்கா. ஒரு போன் போட்டா ஸ்டேஷனுக்கே வந்துடுவா" என்று நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

"அப்பா, நீங்க எந்தக் கட்டம்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள் மகள். நாலாவது கட்டத்தில், வாசலைக் காக்கும் பூதம் என்று இருந்தது. பக்கத்தில் என் புகைப்படத்தை ஒட்டியிருந்தாள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது, பொருத்தமாகத்தான் இருந்தது. பூதம் தடுக்கத் தடுக்கத்தான் வீரனுக்குப் பலம் ஏறுமாம்.

சிரிக்காதீர்கள் மச்சான். இருபத்தாறு வருடத்தில் அவள் இல்லாமல் நான் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் இருந்ததில்லை. வாராவாரம் என் பத்தியில் அவளைக் கேலி செய்துதான் பெயர் வாங்கினேன். அவள் போய்விட்டால் யாரைக் கேலி செய்வது? என்னையா? அதை நாள் தவறாமல் அவளே செய்துகொண்டிருக்கிறாள், காசு வாங்காமல். உள்ளதைச் சொன்னால், எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் ரத்த அழுத்தம் எல்லா விஷயத்திலும் இறங்கி, என் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஏறட்டும் என்று வேண்டும்,

உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டக் கொடுத்த இடத்தில் உங்கள் தங்கை கடிதத்தைப் படித்துவிட்டாள். கோபப்படவில்லை. "போயும் போயும் யாருக்கு எழுதியிருக்கீங்க பாருங்க. வேண்டாம்னு சொல்லிட்டு வந்த அன்னிக்கு போன்ல என்னை அரை மணி நேரம் திட்டினதே அண்ணன்தான். அங்க ரூம் பாத்து சாவி வாங்கி வச்சிருக்கறதும் அண்ணன்தான்" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கொள்ளவும். உங்கள் பேச்சைத் தட்ட மாட்டாள் என்ற ஒரு வரி மட்டும் நிற்கட்டும்.

திங்கட்கிழமை காலை வண்டி. ஸ்டேஷன் வரை பெட்டி தூக்க எனக்கு அனுமதி உண்டு. முதல் மூன்று மாதம் தனியாக இருந்து பார்க்கிறாளாம், அதற்குப் பிறகு விருந்தாளியாக வரலாமாம். சொற்பொழிவாளருக்குப் போன் போட்டேன். கடைசிக் கட்டத்தில் வீரன் வீடு திரும்புகிறான் என்று போட்டிருக்கிறீர்களே, அவனுக்குக் கதவைத் திறக்கிற ஆள் எந்தக் கட்டத்தில் வருகிறான் என்று கேட்டேன். "அதெல்லாம் யாராவது இருப்பாங்க சார்" என்றார்.

இருக்கிறேன் மச்சான். துணி துவைக்கிற மெஷினில் நாலு பொத்தான் இருக்கிறது. எதை முதலில் அழுத்துவது என்று அக்காவிடம் கேட்டு எழுதவும். இவளிடம் கேட்டால், போகாமல் நின்றாலும் நின்றுவிடுவாள்.