படகு ஜன்னலுக்கு நான் வைத்த பரீட்சை

தடா,
9-3-1957

மகாராஜராஜஸ்ரீ மச்சான் சம்பத் அவர்களுக்கு, வடமாலபேட்டை நாகபூஷணம் அநேக நமஸ்காரம். இங்கே நான், உங்கள் தங்கை தாட்சாயணி, படகின் இரண்டு ஜன்னல் கண்ணாடிகள், எல்லோரும் க்ஷேமம். சித்தூரில் உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும்.

ஊருக்குத் திரும்பின வெள்ளைக்காரரிடம் நீங்கள் வாங்கின பாய்மரப் படகு ஜன்னலோரமாக ஒழுகுகிறது, வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் மகள் ரத்னம்மாவைப் பெண் கேட்கிறவர்களை அதில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டினால்தான் சம்பந்தம் படியும் என்று எழுதியிருந்தீர்கள். விசாரமே வேண்டாம். எங்க பக்கத்துக் கிணறுகளில் தண்ணி இறைக்கிற சால் அத்தனைக்கும் ஓட்டை அடைச்சவன் நான். அது திறக்காத ஜன்னல், பலகையிலேயே பதிச்ச கண்ணாடி. பழசை நெம்பி எடுத்து, காய்ஞ்ச பிசினைச் சுரண்டிப்புட்டு, திருப்பதியில் சாமி படத்துக்குச் சட்டம் போடுற கடையில் புதுக் கண்ணாடி கேட்டேன். "எந்த சாமிக்கு?"ன்னான். "மச்சானுக்கு"ன்னேன். அளவு கேட்டு அறுத்துக் குடுத்தான். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, சுத்திலும் விரலால் வழிச்சு அடைச்சு, ரெண்டு நாள் காயவிட்டேன். அப்புறம் பரீட்சை. சால் ஓட்டையை அடைச்சா என்னா செய்வோம்? தண்ணி ரொப்பித்தானே பார்ப்போம்? படகு கரையில் கட்டை மேலே நிக்குது. ஆறு ஆளை வச்சு, மேல்கதவு வழியா ஏரித் தண்ணியைக் குடம் குடமா ஊத்தி, ஜன்னல் மூழ்குற மட்டும் ரொப்பிட்டேன். ஒரு பொட்டு ஒழுகணுமே? ஊஹூம்! கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு மீன்குஞ்சு என்னைப் பார்த்துக்கினே போவுது!

படகோட்டி துலுக்காணம் வந்து தலையில கை வச்சிக்கினான். "அண்ணா, தண்ணி உள்ள வரக்கூடாது. நீ வெளிய போவாம பண்ணிக்கினு கீறியே!"

"அடைப்புன்னா அடைப்புதான்யா. அதுக்கு உள்ளே வெளியே தெரியுமா?"ன்னேன்.

"எங்க அண்ணன் வாங்கினது படகு, நீங்க கட்டினது தொட்டி"ன்றா உங்க தங்கச்சி. சொல்லிட்டுப் போவட்டும். நம்ம ஊர் ஆந்திராவா மெட்ராஸான்னு சர்க்காருக்கே இன்னும் தெரியல. தண்ணி எந்தப் பக்கம் நிக்குதுன்னு எனக்காவது தெரியுதே! நாளைக்கு மொண்டு கொட்டிட்டா படகு தயார். மாப்பிள்ளை வீட்டார் வேட்டி நுனிகூட நனையாது. அதுக்கு நான் கேரண்டி.

ரத்னம்மாவுக்கு மாமாவின் ஆசீர்வாதம். மஞ்சளும் குங்குமமுமாகப் பல்லாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டி இன்றுவரை கரைசேராத
நாகபூஷணம்

பி.கு.: கவரை ஒட்டும்போது கரைப்பக்கம் 'படார்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஜன்னல் இரண்டிலும் கீறல்கூட இல்லை, அடைப்பும் விடவில்லை. பலகைகள்தான் கனம் தாங்காமல் பிளந்து, படகு நாலு பக்கமும் விரிந்து கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏரியை பஸ்ஸிலேயே சுற்றிக் காட்டிவிடவும். கண்ணாடிகளை பத்திரமாகக் கழற்றி வைத்திருக்கிறேன். சம்பந்தம் படிந்தால் கல்யாண போட்டோவுக்குச் சட்டம் போட ஆகும்.