கொறங்காட்டில் ஓர் அவசர வழி

பிள்ளைகளை இயற்கையோடு பழக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இயற்கையைக் கைப்பேசியில் மட்டும் பார்த்தவர்கள். நான் அதில் முதல் வரிசை. சிங்காநல்லூர் பிளாட்டில் இரண்டு துளசிச் செடியைச் சாகாமல் வைத்திருந்ததுதான் என் தகுதி.

காலாண்டு விடுமுறைக்குக் காங்கேயம் பக்கம் என் வீட்டுக்காரரின் அக்கா ஊருக்குப் போயிருந்தோம். அவரை நான் நங்கையா என்பேன். அவருடைய பிள்ளைகள் யாழினியும் கவினும் மிச்ச லீவுக்கு எங்களோடு கோயமுத்தூர் வரத் துடித்தார்கள். நங்கையாவுக்கோ என்னை நம்பி அனுப்ப மனசில்லை. (நேராகச் சொல்லவில்லை. "உனக்கெதுக்கு அம்மணி சிரமம்" என்றார். எங்கள் பக்கம் அதற்கு அதுதான் அர்த்தம்.)

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாளைக்குக் காலையில நானே புள்ளைகள கொறங்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க" என்றேன். என் மகன் ஆதியும் சேர்த்தி.

கொறங்காடு என்றால் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே புல்லும் வேல மரங்களும். மாடுகளை உள்ளே விட்டு வாசல் படலைச் சாத்திவிட்டால் போதும், மேய்க்க ஆளே வேண்டாம்.

நுழைந்ததும் யாழினி, "அத்தை, படலச் சாத்தோணுங்க" என்றாள்.

"மாடு முட்ட வந்தா எப்படிக் கண்ணு ஓடறது? எப்பவும் ஒரு அவசர வழி தொறந்திருக்கோணும்." அடுக்ககத் தீயணைப்புப் பயிற்சியில் கற்றது. அவள் ஏதோ சொல்ல வந்து, அத்தையாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

கவின் வேல மரத்தில் பொன்வண்டு ஒன்றைக் காட்டினான். நான் விளக்கத் தொடங்கினேன். (அது முட்டையிடும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அதையே நீட்டிச் சொன்னேன்.) பாதியில் ஆதி என் கையைச் சுரண்டினான்.

"அம்மா, மாடெல்லாம் அவசர வழியில போகுது."

தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாகப் போயின. எங்கள் அடுக்ககத்தார்கூட அவ்வளவு ஒழுங்காக இறங்கியதில்லை. முன்னால் போனது ஒரு செவலைக் கிடாரி, இன்னும் கன்று போடாத இளசு. நேரே பக்கத்துக் கம்பங்காடு.

தலைதெறிக்க ஓடினேன். மாட்டை அதட்டத் தெரியாது. வாயில் வந்தது, "ஏனுங்க, கொஞ்சம் திரும்புங்க" என்பதுதான். கிடாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த கதிரைக் கடித்தது. பிள்ளைகளின் கோயமுத்தூர்ப் பயணமும் கம்போடு சேர்ந்து அரைபட்டுக்கொண்டிருந்தது.

கம்பங்காட்டுக்காரர் வந்தார். "பரவாயில்லீங்க, வாயில்லாச் சீவன். நீங்க வெயில்ல நிக்காதீங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மானம் போய்விட்டது.

கவினும் யாழினியும் குரல் கொடுத்து மாடுகளைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே நங்கையா மொபெட்டில் வந்து இறங்கினார்.

"ஏனம்மணி, படலச் சாத்துலியா?"

"அவசர வழிங்க நங்கையா."

"யாருக்கு?"

"நமக்குங்க."

வாயில் கம்பங்கதிரோடு வந்த கிடாரியைப் பார்த்தார். "அதுகளுக்குன்னு நெனைச்சுக்கிச்சாட்ட இருக்குது."

கோயமுத்தூர்ப் பயணம் அதோடு போயிற்று என்றுதான் நாங்கள் நினைத்தோம். அன்று இரவு யாழினி சாப்பிடாமல் எழுந்து போனாள். என்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் நாங்கள் கிளம்பும்போது நங்கையா கேட்டார்: "உங்க பிளாட்டுக் கதவு தானாச் சாத்திக்குமா?"

"சாத்திக்குமுங்க."

"அப்பக் கூட்டிட்டுப் போ."

பிள்ளைகள் வந்தார்கள், பத்திரமாகத் திரும்பினார்கள். அதை யாரும் பேசுவதில்லை. கம்பு ருசி கண்ட அந்தக் கிடாரி இன்றுவரை படலை முட்டித் திறந்துகொண்டு ஓடுகிறது. அதற்குச் சுகன்யா என்று என் பெயரையே வைத்துவிட்டார்கள். "சுகன்யாவுக்கு உதை குடுத்துக் கட்டி வெச்சிருக்கறோம்" என்று நங்கையா ஸ்பீக்கரில் சொல்லும்போது என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார். "சுகன்யா சினையாயிட்டா. எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடுங்க."

ஆதி லிப்டில் ஏறி, மாடி மாடியாகச் சொல்லிவிட்டு வந்தான்.