பரஸ்தானம் போன கைப்பிடி

என்னை யாராவது புத்திசாலி என்று சொன்னால் எனக்கு உடனே மல்லூர் ஞாபகம் வந்துவிடும். அந்த ஊரில் மட்டும் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மல்லூர்த் தேர்த்திருவிழாவில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பெண்ணின் அப்பா நேர விஷயத்தில் மகா கறார். தாமதமாகப் பெண் பார்க்க வந்த ஒருவனை வாசலோடு திருப்பி அனுப்பியவர். அவருக்குத்தான் நான், "வெள்ளிக்கிழமை உச்சிக்குள் சொந்தக் காரில் வந்து நிற்பேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். (கார் அப்போது என்னிடம் கிடையாது. அது வேறு விஷயம்.)

கார் வாங்கித் தர ஆரோக்கியசாமி இருந்தான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன், சேலத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தான். ஏற்காட்டுத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய காரை எனக்காக ஒதுக்கி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை காலை மாமாவுடன் போய் நின்றேன்.

"காயிதத்துல கையெழுத்து ஆகணும் முத்து. பதினோரு மணிக்கு எடுத்துக்கலாம்" என்றான்.

மாமாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருமே மாப்ளே! பரஸ்தானம் வெச்சிரலாம்."

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள் தங்கள் பொருள் ஒன்றை அந்த நேரத்துக்குள் போகிற திசையில் அனுப்பிவிடுவார்கள். ஆளே கிளம்பிவிட்டதாக அர்த்தம். அதுதான் பரஸ்தானம். மாமா பஸ்ஸில் முன்னால் போய்ப் பெண் வீட்டிலேயே வைத்துவிடுவது என்று முடிவானது. என் குடையைக் கொடுத்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். போவது நான் மட்டுமா, காரும்தானே? அதன் பொருளும் ஒன்று போக வேண்டாமா? ஆரோக்கியசாமி உள்ளே கையெழுத்துக்கு அலைந்துகொண்டிருந்த சமயம் பார்த்துக் காரைச் சுற்றி வந்தேன். முன்பக்கத்தில் ஒரு வளைந்த கம்பி இழுத்ததும் கையோடு வந்தது. அதற்குக் குங்குமம் வைத்து மாமாவிடம் ஒப்படைத்தேன்.

பதினோரு மணிக்கு ஆரோக்கியசாமி வந்து காருக்கு முன்னால் குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான்.

"முத்து, கைப்பிடி எங்கடா?"

"மல்லூர்ல."

"அதைப் போட்டுச் சுத்தினாத்தானேடா எஞ்சின் ஓடும்!"

விஷயத்தைச் சொன்னேன். அவன் வேதக்காரன், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். கம்பெனியில் இருந்த மற்றக் கைப்பிடி எதுவும் அந்தக் கிழட்டுக் காருக்குச் சேரவில்லை. நாலு பேர் செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் தள்ளினார்கள். இருமியதே தவிர, கிளம்பவில்லை. கடைசியில் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் காரைக் கட்டினோம். கோட்டும் தலைப்பாகையுமாக உள்ளே உட்கார்ந்து, பெண் கைவிட்டுப் போயிற்று என்று வழிநெடுக அழுதேன். (வண்டிக்காரர் மாட்டையும் என்னையும் மாற்றி மாற்றிச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்தார்.)

மல்லூர் சேரும்போது மணி நாலு. ஊரே கூடிச் சிரித்தது. பெண்ணின் அப்பா வாசலை மறித்து நின்றார்.

"உச்சிக்குள்ள வாரேன்னு சொன்னீங்களே?"

மாமாதான், "பத்தரைக்கு முன்னமே பரஸ்தானம் கிளம்பி உங்க ஊட்டுக்கு வந்துருச்சுங்களே" என்று மன்றாடினார். மனிதர் அசையவில்லை.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏனுங்கப்பா, நேரத்துக்கு வந்தது அந்தக் கம்பிதானுங்களே? அதுக்கே என்னைக் கட்டிக் குடுத்துருங்க."

அந்தக் கறார் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்ததாக ஊரில் சொன்னார்கள். தை மாதமே கல்யாணம் நடந்தது.

காரை விற்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. கைப்பிடி மட்டும் இன்னமும் எங்கள் சாமி அறையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் என் மனைவி அதற்குக் குங்குமம் வைப்பாள். யாராவது என்னவென்று கேட்டுவிட்டால் போதும்.

"அதுதானுங்க என்ற ஊட்டுக்காரரு" என்பாள். "இவரு மாட்டுவண்டிக்குப் பின்னால வந்தவரு."