கேசரிப் பவுடர் போட்ட கோழிக்குஞ்சுகள்

கோழி தன் குஞ்சை எதை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறது? நிறத்தையா, வாசனையையா, குரலையா? நான் விலங்கியல் படித்தவள். (பட்டச் சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.) இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். போன வருடம் நாத்தனாரின் பிரசவத்துக்காக மாமியார் அரூருக்குக் கிளம்பினார். என் மகள் இனியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதுதான் பொரித்திருந்த எட்டுக் குஞ்சுகளையும் தாய்க்கோழியையும் காட்டி, "பகல்ல மேய உடு, பொழுதோட கூடையப் போட்டுக் கவுத்து மேல கல்ல வையி. குஞ்சு பத்திரம்மா" என்றார். அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழியின் வம்சம் அது. திரும்பி வந்ததும் எண்ணிப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாளே பருந்து இறங்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. நான் கையில் துடைப்பத்தோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். (நீ என்ன பண்ணினாய் என்று கணவர் கேட்டார். பார்த்தேன்.) வெளியே விட்டால் பருந்து. நாளெல்லாம் கூடைக்குள் வைத்தால் மூச்சு முட்டுமோ என்று பயம்.

பக்கத்து வீட்டு மாதம்மா அக்காதான் வழி சொன்னார். "முதுகுல துளி கலரு தடவி உடும்மா. என்னமோ ஏதோன்னு பருந்து கிட்ட வராது. எங்க வூட்ல அப்படித்தான் செய்வோம்."

பருந்தின் பார்வை கூர்மையானது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான் நான். ஆனாலும் ஒரு துளி அதன் கண்ணில் படாமல் போய்விட்டால்?

முழுக்கப் பூசுவது என்று முடிவு செய்தேன். மாட்டுக் கொம்புக்கு அடித்த பெயிண்ட் மிச்சம் இருந்தது. அதன் நெடி குஞ்சுக்கு ஆகாது. கோலப்பொடியில் என்ன கலந்திருக்கிறதோ. கடைசியில் கேசரிப் பவுடர். வாய்க்குள் போனாலும் பயமில்லை. இனியாவின் குளியல் தொட்டியில் வெந்நீர் விளாவி, முழங்கையால் சூடு பார்த்து, ஒவ்வொன்றாகக் கழுத்துவரை முக்கி எடுத்தேன். சளி பிடிக்குமே என்று துண்டால் ஒற்றி, இனியாவின் பவுடரையும் போட்டேன். நெற்றியில் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்தேன். (ஏழு ஆரஞ்சுக் குஞ்சுகள் வரிசையாகப் போனால் ஊர்க் கண் படாதா?)

தாய்க்கோழி முன்னால் கொண்டுபோய் விட்டேன். அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. மறுபக்கம் சாய்த்து அடுத்த கண்ணாலும் பார்த்தது. பிறகு கொத்தத் தொடங்கியது. குஞ்சுகள் அலறிக்கொண்டு ஓடி, பக்கத்தில் கிடைத்த ஒரே நிழலுக்குள் புகுந்தன. அது என் நைட்டி.

உடனே கழுவினேன். பவுடர் போனது, பொட்டு போனது, கேசரி போகவில்லை. கோழி கடைசிவரை சேர்த்துக்கொள்ளவில்லை. சில நாளில் அது சேவலோடு சுற்றக் கிளம்பிவிட்டது. இரவில் அட்டைப்பெட்டியும் குண்டு பல்பும் குஞ்சுகளைக் காப்பாற்றின, பகலில் நான். அடுப்படிக்குப் போனால் ஏழும் பின்னால் வரும். மேலே பருந்து வட்டமிட்டால் ஏழும் நைட்டிக்குள்.

அன்று இனியாவை அங்கன்வாடியில் விடக் கிளம்பினேன். படலைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்வேன். பஸ் நிறுத்தம் வந்த பிறகுதான் பின்னால் கீச்கீச் கேட்டது. அதே நேரம் டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஏழும் என் நைட்டிக்குள் பாய்ந்தன. எங்கே மிதித்துவிடுவேனோ என்று, தோளில் துண்டும் இடுப்பில் பிள்ளையுமாக அசையாமல் நின்றேன். முன்படியில் மாமியார் இறங்கினார். பின்னாலேயே, பேத்தி பிறந்த செய்தியை எங்களுக்கு நேரில் சொல்ல வந்த நாத்தனாரின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நின்றார்.

நைட்டிக்குள்ளிருந்து ஆரஞ்சுத் தலைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. மாமியார் முதலில் எண்ணினார்.

"ஏழுதான் இருக்குது."

"ஒன்னு பருந்து தூக்கிடுச்சுங்க அத்தை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சம்பந்தியம்மாவிடம் திரும்பி, "கோழியப் பாத்துக்கன்னு சொல்லிட்டு வந்தேனுங்க. இவ கோழியாவே ஆயிட்டா" என்றார்.

சம்பந்தியம்மா வழியாக அது அரூர் முழுக்கப் பரவியது. இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்து என்னை விசாரித்தால், "பெரிய கோழி உள்ள சமைக்குதுங்க" என்பார் மாமியார்.

குஞ்சுகள் ஏழும் வளர்ந்து கோழிகளாகிவிட்டன. கணவர் செங்கல் கால் வைத்து, கம்பிவலை அடித்து நல்ல கூண்டு ஒன்று கட்டினார். ஆனால் பொழுது சாய்ந்தால் அவை தாமாக உள்ளே போவதில்லை. நான் முதலில் தவழ்ந்து உள்ளே போய் உட்கார வேண்டும். ஏழும் வந்து அடைந்த பிறகு ஓசைப்படாமல் பின்னோக்கித் தவழ்ந்து வெளியே வர வேண்டும். கொஞ்ச நாளாக வேலியோரம் கீரி நடமாட்டம் இருக்கிறது. ஒன்றைக்கூட வெளியே விட்டுவைக்க முடியாது. எனக்கோ இப்போது ஐந்தாம் மாதம். இன்னும் சில வாரங்களில் அந்தக் கதவுக்குள் நான் நுழைய மாட்டேன்.

கோழி வளர்க்கும் வாசகர்கள் யாராவது, இவற்றைத் தாமாகக் கூண்டுக்குள் போக வைக்க ஒரு வழி சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது.